வெயிலும் புழுக்கமும்

சூட்டுக்குத் தமிழில் பல பெயர்கள் உண்டு. வெளியே நின்றால் தலையில் விழுவது வெயில். சுவரும் தரையும் திருப்பித் தருவது வெக்கை. காற்றோடு வந்து முகத்தில் அடிப்பது அனல். இவை எதுவும் இல்லாமல், மேகம் மூடி, இலை அசையாமல், சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும்போது, “என்ன புழுக்கம்!” என்கிறோம். கைப்பேசியைத் தட்டினால் வருவதோ ஒரே ஓர் எண்: இன்று 43, நாளை 33. நெடுந்தூரம் சைக்கிள் விடப் பழகுகிறவன் அந்த எண்ணை மட்டும் நம்பினால் என்ன ஆவான் என்பதைச் சென்ற ஆண்டு காசியில் கண்கூடாகப் பார்த்தேன்.

நெடுந்தூரம் என்றால் எவ்வளவு என்று கேட்பீர்கள். அதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. பாரிஸ் நகரத்துப் பழைய சைக்கிள் சங்கம் ஒன்று வகுத்த விதிப்படி, 200 கிலோமீட்டரை 13½ மணி நேரத்துக்குள்ளும், 300-ஐ 20 மணி நேரத்துக்குள்ளும், 400-ஐ 27 மணி நேரத்துக்குள்ளும், 600-ஐ 40 மணி நேரத்துக்குள்ளும் முடிக்க வேண்டும். இந்தியாவில் பல நகரங்களில் இவ்விதிப்படி ஓட்டங்கள் நடக்கின்றன. இது பந்தயமன்று. முதலில் வந்தவனுக்கும் கடைசி நிமிஷத்தில் வந்து சேர்ந்தவனுக்கும் மரியாதை ஒன்றே. வழியில் டீ குடிக்கலாம், தூங்கலாம், பஞ்சர் ஒட்டலாம். கடிகாரம் மட்டும் நமக்காகக் காத்திருக்காது. இவற்றுக்கெல்லாம் மேலே, 1891-இல் தொடங்கிய பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் ஓட்டம் இருக்கிறது. 1200 கிலோமீட்டர், 90 மணி நேரம். 2019-இலும் 2023-இலும் நம் நாட்டவர் பலர் அங்கே போய் மிதித்துவிட்டு வந்தார்கள். நாங்கள் ஆசைப்பட்டது வெறும் 200-க்குத்தான்.

நாங்கள் என்றது என்னையும் என் ஆய்வுக்கூடத் தோழரையும். அவர் பலியா மாவட்டத்துக்காரர். இந்தச் சமவெளியின் சூட்டிலேயே பிறந்து வளர்ந்தவர். நானோ நாகப்பட்டினம் பக்கம். தெற்கிலிருந்து வந்தவன் எவனும் இங்கே ‘அண்ணா’தான், ஆகவே என்னைவிட ஒரு வயது மூத்த அவரும் என்னை அண்ணா என்றே அழைப்பார். “அண்ணா, லூ அடித்தால் நீ தாங்குவாயா?” என்பது ஏப்ரல் மாதம் முழுவதும் அவருடைய பரிகாசம். ஓட்டம் அக்டோபரில். பழகுவதற்குக் கிடைத்த காலம் மே முதல் செப்டம்பர் வரை. அதாவது இவ்வூரின் கோடையும் மழைக்காலமும்.

லூ என்பது மேற்கேயிருந்து நடுப்பகலில் வீசும் வறண்ட அனற்காற்று. நம் கத்திரி வெயில் முடியும் தறுவாயில் இங்கே ‘நௌதபா’ என்று ஒன்பது நாள் தொடங்குகிறது. அந்நாட்களில் வெளியே போகிறவர்கள் சட்டைப் பையில் ஒரு வெங்காயம் வைத்துக்கொள்வார்கள். வெங்காயத்துக்கு லூவைத் தடுக்கும் சக்தி உண்டா என்று நான் விசாரிக்கவில்லை. பசித்தால் கடித்துக்கொள்ளலாம் என்பதே எனக்குப் போதுமான காரணமாக இருந்தது.

தேகம் சூட்டுக்குப் பழகும் என்பது பாட்டிமார் பேச்சு மட்டுமன்று. நன்றாக ஆராயப்பட்ட விஷயம். நாள்தோறும் ஒரு மணி அல்லது ஒன்றரை மணி நேரம் சூட்டில் உழைத்தால் பத்து முதல் பதினான்கு நாட்களுக்குள் உடம்பு தன்னை மாற்றிக்கொள்கிறது. இரத்தத்தின் நீர்ப்பகுதி பெருகுகிறது. வியர்வை முன்னைவிடச் சீக்கிரமாகவும் மிகுதியாகவும் வருகிறது. அதில் கரைந்து போகும் உப்போ குறைகிறது. ஒரே வேகத்தில் மிதித்தாலும் நாடித்துடிப்பு இறங்குகிறது. சில வாரம் நிழலிலேயே இருந்துவிட்டால் பழக்கம் கழன்றுபோகிறது என்பதுதான் இதில் சங்கடம்.

நாங்கள் மே முதல் வாரத்தில், மாலை ஐந்து மணிக்கு, பல்கலைக்கழக வளாகத்துக்குள்ளேயே தொடங்கினோம். இவ்வளாகத்து வீதிகள் அரைவட்டமாக ஒன்றினுள் ஒன்றாக வளைந்து செல்பவை. எத்தனை தடவை சுற்றினாலும் அலுப்பதில்லை. தண்ணீரும் விடுதி அறையும் பக்கத்திலேயே இருப்பது பெரிய சௌகரியம். முதல் நாள் இருபது நிமிஷம். அதற்கே என் நாடி 170-ஐத் தொட்டது. நாளுக்குச் சிறிதாகக் கூட்டினோம். பத்தாம் நாள் அதே வேகத்தில் 150-க்குமேல் போகவில்லை. சட்டையில் பூத்த வெள்ளை உப்புக்கோடுகளும் வரவர மங்கின. கண்ணாடியில் பார்த்தால் மட்டும் ஒரு மாற்றமும் இல்லை, கறுத்தது தவிர.

இங்கே கொஞ்சம் கணக்குப் போட அனுமதிக்க வேண்டும். விஞ்ஞான மாணவனிடம் கட்டுரை கேட்டால் இந்த அபாயம் உண்டு. மிதிப்பவன் மிதிகட்டைக்குக் கொடுப்பது 100 வாட் என்று வைத்துக்கொள்வோம். சமதரையில் நிதானமாகப் போவதற்கு அது போதும். நம் தசைகள் தின்பதில் ஐந்தில் ஒரு பங்கைத்தான் வேலையாக மாற்றும். மீதி 400 வாட் வெப்பமாக உடம்புக்குள் சேர்கிறது. அதை வெளியேற்றாவிட்டால் 65 கிலோ எடையுள்ள ஒருவனின் உடம்பு ஏறக்குறைய பத்து நிமிஷத்துக்கு ஒரு டிகிரி வீதம் ஏறும். அரை மணியில் 37 என்பது 40 ஆகிவிடும். அதற்குமேல் மூளை கலங்கும்.

காற்று நம் தோலைவிடக் குளிர்ச்சியாக இருந்தால் சும்மாவே சூட்டை வாங்கிக்கொள்ளும். தோலின் சூடு 35 டிகிரி சுமார். காற்று 43 என்றால் அது நம்மிடமிருந்து வாங்காது; கொடுக்கும். அப்போது நமக்கு இருப்பது ஒரே ஒரு வழி, வியர்வை ஆவியாவது. ஒரு கிராம் வியர்வை ஆவியானால் ஏறக்குறைய 580 கலோரி வெப்பத்தைக் கொண்டுபோகிறது. மேற்சொன்ன 400 வாட்டைத் தீர்க்க மணிக்கு 600 மில்லி வியர்வை ஆவியாக வேண்டும். வெயிலும் அனலும் தருவது தனி. ஆவியாக வேண்டும் என்ற சொல்லைக் கவனியுங்கள். முழங்கையிலிருந்து தார்ச்சாலையில் சொட்டும் வியர்வை ஒரு காசுக்கும் பிரயோஜனமில்லை.

மே மாதத்தில் எங்களுக்குச் சொட்டவே இல்லை. 43 டிகிரிக் காற்று அவ்வளவு வறண்டது. வியர்வை தோலில் தெரியுமுன் காய்ந்துபோகும். மிதிக்கும் வேகத்தில் எழும் காற்று இன்னும் விரைவாகக் காயவைக்கும். ‘எனக்கு வியர்க்கவே இல்லை’ என்று புதியவர்கள் ஏமாறுவது இதனால்தான். புறப்படுமுன்னும் திரும்பியபின்னும் எடை பார்த்துக்கொண்டோம். மணிக்கு 900 கிராம் குறைந்திருந்தது.

போன தண்ணீரை எதைக் கொண்டு நிரப்புவது? வெறும் தண்ணீரை மட்டும் குடம் குடமாகக் குடிப்பதும் ஆபத்துதான். இரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். 2002-இல் பாஸ்டன் மாரத்தானில் 488 பேரைச் சோதித்தபோது 13 சதவீதம் பேருக்கு இக்குறை இருந்தது. நான் நம்பியது மருந்துக்கடையில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை. ஒரு லிட்டருக்கு உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், சிட்ரேட் 2.9 கிராம். குளுக்கோஸ் ருசிக்காக அன்று. குடலில் அது உள்ளே போகும்போது சோடியத்தையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிறது. 1971-இல் வங்க அகதிகள் முகாமில் காலரா பரவியபோது, பன்காவ்ம் ஊரில், டாக்டர் திலீப் மஹலநாபிஸ் இத்தகைய கரைசலைக் கொடுத்துத்தான் ஏராளமானவர்களைக் காப்பாற்றினார். நம் நாட்டு மண்ணில் தேறிய மருந்து, நம் சைக்கிள் குப்பியில் இருப்பது பொருத்தம்தான்.

தோழரோ சத்துவின் பக்தர். வறுத்த கடலைமாவைத் தண்ணீரில் கரைத்து, கறுப்பு உப்பு, எலுமிச்சை, பொடியாக நறுக்கிய வெங்காயம், பச்சை மிளகாய் சேர்த்துக் குடிப்பது. உப்பும் உண்டு, உணவும் உண்டு. முதல் வாரம் எனக்கு அது தொண்டையில் இறங்கவில்லை. மூன்றாம் வாரம் சாலையோரத்துச் சத்துத் தள்ளுவண்டியைக் கண்டால் என் சைக்கிள் தானாக நின்றது. ஆனாலும் நம் நீர்மோருக்கு அது ஈடில்லை என்பது என் அபிப்பிராயம். இங்கே ‘மட்டா’ என்று ஒன்று கிடைக்கிறது. கறிவேப்பிலையும் பெருங்காயமும் இல்லாத மோரை மோர் என்று எப்படிச் சொல்வது?

ஜூன் முடிவதற்குள் விடியற்காலையில் புறப்பட்டு, கங்கைப் பாலத்தைக் கடந்து ராம்நகர் வழியாகச் சுனார் வரை போய்த் திரும்புவது வழக்கமாகிவிட்டது. ஒருவழி சுமார் 40 கிலோமீட்டர். அசோகரின் தூண்களுக்குக் கல் கொடுத்த ஊர் சுனார். கங்கைக் கரையில் பாறைமேல் கோட்டை நிற்கிறது. அங்கே டீ குடித்துவிட்டு, வெயில் முற்றுமுன் ஊர் வந்துவிடுவோம். சூட்டை வென்றுவிட்டோம் என்றே தோழர் எல்லாரிடமும் சொன்னார். வென்றது மே மாதத்துச் சூட்டை.

ஜூலையில் மழை வந்தது. ஊரே மகிழ்ந்தது, கைப்பேசியில் எண் 33-க்கு இறங்கியது. விடுதியில் மட்டும் ஒரு சின்ன மாறுதல். மே மாதம் முழுவதும் அறையைக் குளிரவைத்த கூலர், இப்போது ஈரக்காற்றை மட்டும் வீசிக்கொண்டிருந்தது. மேஜைமேல் இருந்த மண்பானையின் தண்ணீரும் குளிரவில்லை. இதெல்லாம் வடநாட்டு விடுதிகளில் ஆண்டுதோறும் நடப்பது; யாரும் பொருட்படுத்துவதில்லை.

அன்று காலையில் மேகமூட்டம். வெயிலே இல்லை. எனக்கோ இது நம் ஊர்ப் புழுக்கம் என்று கிளம்பும்போதே தெரிந்தது. மூக்கு நுனியிலிருந்தும் முழங்கையிலிருந்தும் சொட்டிக்கொண்டே வந்தது. திரும்பும் வழியில், “மெதுவாகப் போவோம்” என்றேன். தோழர் சிரித்தார். “43-இல் போனவர்களுக்கு 33 ஒரு பொருட்டா, அண்ணா?” என்று சொல்லிவிட்டு முன்னே மிதித்துப் போய்விட்டார். நான் என் வேகத்திலேயே போனேன்.

நாராயண்பூர் தாண்டி ஒரு மரத்தடியில் அவருடைய சைக்கிள் கிடந்தது. பக்கத்தில் அவர் உட்கார்ந்து எதையோ தேடிக்கொண்டிருந்தார். “என்ன?” என்றேன். செருப்பைக் காணவில்லை என்றார். காலில் பூட்ஸ் இருந்தது. நான் யார் என்று கேட்டேன், பதில் இல்லை. உடம்பு முழுவதும் தண்ணீரில் நனைத்தாற்போல் வியர்வை. தொட்டால் கை சுட்டது. வியர்வை இருக்கும்வரை வெப்பத்தாக்கு வராது என்று பலர் நம்புகிறார்கள். உழைப்பினால் வருகிற வெப்பத்தாக்கில் தோல் நனைந்தே இருக்கலாம். பேச்சுத் தடுமாறுவதுதான் அடையாளம்.

இந்த நேரத்தில் செய்ய வேண்டியது ஒன்றே: முதலில் குளிரவைப்பது, அப்புறம்தான் ஆஸ்பத்திரிக்குத் தூக்குவது. ஆடி நாற்றுநடவு நடந்துகொண்டிருந்ததால் நூறு கஜத்தில் ஒரு பம்புசெட் ஓடிக்கொண்டிருந்தது. வயலில் நின்ற இருவர் என் கூச்சலைக் கேட்டு ஓடி வந்தார்கள். மூவருமாகத் தூக்கிப்போய் பம்புசெட்டின் தொட்டியில் கழுத்தளவு கிடத்தினோம். நான் தலையைப் பிடித்துக்கொண்டேன். ஒருவர் விடாமல் தலையில் தண்ணீர் ஊற்றினார். மற்றவர் 108-க்குப் பேசி இடத்தைச் சொன்னார். வாயில் ஒரு சொட்டும் ஊற்ற விடவில்லை. நினைவு தவறியவனுக்குப் புரையேறும். அந்த இருபது நிமிஷம் எனக்கு நீண்டது போல் 90 மணி நேர ஓட்டமும் யாருக்கும் நீண்டிருக்காது. பலியாவில் இருக்கும் அவருடைய தாயாருக்கு எந்த மொழியில், எந்த வார்த்தையில் சொல்வது என்றெல்லாம் மனம் ஓடியது. பிறகு அவர் என்னைப் பார்த்து, “அண்ணா, குளிருகிறது” என்றார்.

வண்டி வந்து வெப்பமானி வைத்தபோது 39-க்குச் சற்று மேல் காட்டியது; தொட்டியில் இறக்குமுன் எவ்வளவு இருந்ததோ. சிறுநீரகமும் தசையும் கெட்டிருக்கின்றனவா என்று பார்க்க இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். கெடவில்லை. அவருடைய குப்பிகள் இரண்டும் காலியாகவே இருந்தன என்பதையும் சொல்ல வேண்டும்; குடிக்காமல் விழுந்தவர் அல்லர்.

லங்கா வாசலில் எனக்குப் பழக்கமான ரிக்ஷாக்காரர் ஒருவர் உண்டு. பாட்டரி ரிக்ஷாக்கள் வந்தபின்னும் காலால் மிதிக்கும் சிலரில் ஒருவர். அவரிடம் இந்தக் கதையைச் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை. தலையில் கட்டியிருந்த கம்சாத் துண்டை அவிழ்த்துக் காட்டினார். “பாபு, ஜேட் மாதத்தில் இதை நனைத்துக் கட்டினால் தலை குளிரும். சாவனில் நனைத்தால் வெறும் பாரம்” என்றார். ஆகையால் சாவன் மாதத்தில் ஒவ்வொரு சவாரிக்குப் பிறகும் உட்கார்ந்துவிடுவாராம். “அப்படியானால் வரும்படி?” என்று கேட்டேன். “குறையும்” என்றார். எங்களுக்கு ஓட்டத்தை ஒத்திப்போட்டால் ஒரு பதக்கம் போகும், அவ்வளவுதான். அவருக்கு உட்காரும் ஒவ்வொரு கால்மணிக்கும் விலை உண்டு.

அவர் துண்டை வைத்துச் சொன்னதை 1905-இல் ஜே. எஸ். ஹால்டேன் ஈரக்குமிழ் வெப்பமானியை வைத்துச் சொன்னார். (பிற்காலத்தில் இந்தியக் குடிமகனாகி 1964-இல் புவனேஸ்வரத்தில் காலமான ஜே. பி. எஸ். ஹால்டேனின் தகப்பனார் அவர்.) கார்ன்வால் சுரங்கங்களின் வெக்கையை ஆராய்ந்து, உழைப்பவனுக்கு முக்கியம் காற்றின் சூடு அன்று, நனைந்த துணி சுற்றிய வெப்பமானி காட்டும் சூடே என்று கண்டார். அசையாத காற்றில் அது 25½ டிகிரியைத் தாண்டினால் தொடர்ந்து கடுமையாக உழைக்க முடியாது. 31-ஐத் தாண்டினால் சும்மா இருப்பதே கஷ்டம். இப்போது எங்கள் இரண்டு நாட்களையும் ஒப்பிடுங்கள். காற்று 43 டிகிரி, ஈரப்பதம் 15 சதவீதம் என்றால் ஈரக்குமிழ் காட்டுவது 23-க்கும் உள்ளே. காற்று 33, ஈரப்பதம் 80 என்றால் ஈரக்குமிழ் 30. கைப்பேசியின் எண் பத்து இறங்கியபோது, உடம்புக்கு முக்கியமான எண் ஏழு ஏறியிருக்கிறது. மே மாதப் பழக்கம் ஜூலையிலும் ஓரளவு கைகொடுக்கும். ஆனால் மிகுதியாக வியர்க்கக் கற்றுக்கொண்ட உடம்பு, காயாத காற்றில் மிகுதியாகச் சொட்டத்தான் செய்யும்.

இதனால் வறண்ட வெயில் சாது என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. 2024-இல் மக்களவைத் தேர்தலின் கடைசிக் கட்ட வாக்குப்பதிவின்போது இம்மாநிலத்தில் 30-க்கும் மேற்பட்ட தேர்தல் பணியாளர்கள் உஷ்ணத்துக்குப் பலியானார்கள். அவர்களில் பலர் இதே சுனார் இருக்கும் மிர்சாபூர் மாவட்டத்தில் பணியில் இருந்தவர்கள். பழகாத உடம்பு, வயது, நோய், போதாத நிழல் எல்லாம் சேர்ந்தால் 43-உம் கொல்லும்.

இப்போது எங்கள் அறையில் புதிய ஏற்பாடு. பானைத் தண்ணீரில் ஒரு வெப்பமானி, சுவரில் ஒன்று. மே மாதத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் பதினைந்து டிகிரிக்குமேல் போகும். ஜூலையில் இரண்டு டிகிரிகூடத் தேறாது. வித்தியாசம் ஐந்துக்குக் கீழே என்றால் அன்று 20 கிலோமீட்டருக்குமேல் போவதில்லை, தனித்தனியாகவும் போவதில்லை, அரை மணிக்கு ஒருமுறை நிழலில் நின்று தலையில் தண்ணீர் ஊற்றிக்கொள்கிறோம். ஐந்து என்பது புத்தகத்தில் உள்ள எண் அன்று, நாங்களே வைத்துக்கொண்டது. காலையில் வெப்பமானியைப் பார்ப்பது நான். தோழர் அதை நம்புவதில்லை. பானையில் கைவிட்டுப் பார்த்துவிட்டுத்தான் பூட்ஸ் மாட்டுகிறார்.

சென்ற அக்டோபர் ஓட்டத்துக்கு டாக்டர் அவரை விடவில்லை. அவரை விட்டுவிட்டு எனக்கும் போக மனமில்லை. வரும் அக்டோபருக்கு இருவரும் பெயர் கொடுத்திருக்கிறோம். கூட வர விரும்பும் அன்பர்கள் ஞாயிறு காலை நாலரை மணிக்கு லங்கா வாசலுக்கு வரலாம். இரண்டு குப்பி தண்ணீர், ஓ.ஆர்.எஸ். பொட்டலம், வேலை செய்யும் பிரேக் மூன்றும் அவசியம். வெங்காயம் தோழர் கொண்டுவருவார்.